டீசல் மெக்கானிக் தொழில்: எந்த வழியில் பயில்வது?

(படிப்பு வட்டப் பாடம்)

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர் நம் சங்க அலுவலகத்துக்கு வரும் அங்கத்தினர்கள், கடன் தவணை பற்றியும் நூல் ஒதுக்கீடு பற்றியும் பேசி முடித்துவிட்டு, சற்றுத் தயங்கி வேறொரு கேள்வியைக் கேட்பதுண்டு. "பையன் தேறிவிட்டான். மேற்கொண்டு கல்லூரிப் படிப்பில் அவனுக்கு நாட்டமில்லை. டீசல் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்கிறேன் என்கிறான். எங்கே சேர்ப்பது?" என்பதே அக்கேள்வி. சிலர் பெண்ணுக்காகவும் கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் கூறுவதைவிட, அனைவரும் கூடிப் படித்து ஆராய்வதற்கு ஏற்ற வகையில் இவ்விஷயத்தை ஒரு பாடமாக எழுதுவது நலமென்று கருதினோம்.

தறியையும் நிலத்தையும் பற்றிப் பேசவேண்டிய பத்திரிகையில் என்ஜினுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். அங்கத்தினருக்குக் கல்வி அளிப்பதை அவர்கள் தங்கள் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டனர். இன்றும் உலகெங்கிலும் கூட்டுறவின் கொள்கைகளுள் கல்வி ஓர் இடம் பெற்றிருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தொழிலைப் பயின்றாலும், அதை ஏமாறாமல் பயில வழிகாட்டுவது சங்கத்தின் கடமையே ஆகும்.

இப்பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். மெக்கானிக்காக வாழ்க்கை நடத்த விரும்புபவருக்கு இரண்டு உடைமைகள் வேண்டும். ஒன்று, பழகிய கை. மற்றொன்று, ஊர் கடந்தும் செல்லுபடியாகும் சான்றிதழ். கை மட்டும் இருப்பவர் ஓரளவுக்கு மேல் உயரமுடிவதில்லை. சான்றிதழ் மட்டும் இருப்பவர் முதல் நாளிலேயே பட்டறையில் தலைகுனிய நேரிடுகிறது. இரண்டையும் எந்த வழி தருகிறதோ அதுவே நல்ல வழி. எத்தனை மாதத்தில் முடியும், எவ்வளவு கட்டணம் என்னும் கேள்விகள் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

தொழிலுக்கு எதிர்காலம் உண்டா?

எந்தப் பயிற்சியில் சேர்வதற்கு முன்பும் அந்த வேலை நிலைக்குமா என்று கேட்பது அறிவுடைமை. டீசல் என்ஜினைப் பொறுத்தவரை உண்மையை ஒளிக்காமல் கூறவேண்டும். நம் நாட்டில் அகல ரயில் பாதைகளில் மிகப் பெரும்பகுதி மின்மயமாகிவிட்டது. நகரங்களில் மின்சாரப் பஸ்கள் ஓடுகின்றன. சிறிய கார்களில் டீசல் என்ஜின் குறைந்துவருகிறது. ஆகவே, கார் பட்டறையை மட்டும் மனத்தில் கொண்டு டீசல் வேலையைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பொருத்தமன்று.

ஆனால் டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம், லாரி, மண் அள்ளும் இயந்திரம், விசைப்படகு, மின்தடையின்போது ஆலைகளையும் மருத்துவமனைகளையும் காக்கும் ஜெனரேட்டர் ஆகியவை இன்றும் பெரும்பாலும் டீசலை நம்பியே இயங்குகின்றன. கதிர் முற்றிய வயலில் அறுவடை இயந்திரம் நின்றுவிட்டால், வானம் மேகமூட்டமாயிருக்கும் அந்த வேளையில், அதைச் சரிசெய்ய அருகில் ஆளில்லையெனில் இழப்பு எவ்வளவு என்பதை விவசாய அங்கத்தினருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின், "டீசல் மெக்கானிக் ஆகவேண்டும்" என்று மட்டும் எண்ணாமல், "எந்த இயந்திரத்தின் மெக்கானிக்?" என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இக்கேள்விக்கு விடை கிடைத்தால் பயிற்சி வழியில் பாதி தானே தெளிவாகிவிடும்.

என்ஜினைப் பற்றிச் சிறிது

பயிற்சியின் தன்மையை அறிய என்ஜினின் தன்மையைச் சிறிதேனும் அறிதல் அவசியம். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டில் தம் என்ஜினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கை அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி என்ஜின்களோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவ்வகை என்ஜின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது என்பது கடலை பயிரிடும் நம்மவர்க்குச் சுவையான செய்தி.

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறியால் எரிபொருள் பற்றவைக்கப்படுகிறது. டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 20இல் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது. அவ்வாறு அழுத்தப்பட்ட காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் உயர்கிறது. அந்நேரத்தில் நாசில் வழியே டீசல் மிக நுண்ணிய தூவலாகப் பீய்ச்சப்பட, அது தானே தீப்பற்றுகிறது. இதிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படும். காற்று கசியலாகாது. டீசல் தூய்மையாயிருக்க வேண்டும். அது உரிய கணத்தில் உரிய அளவில் செல்லவேண்டும். டீசல் மெக்கானிக்கின் வேலை பெரும்பாலும் இம்மூன்றையும் காப்பதேயாகும்.

நல்ல மெக்கானிக் புகையைப் பார்த்தே பாதி நோயை அறிகிறார். கரும்புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் செல்கிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டுள்ளது என்று ஆராய்வார். நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிகிறது என்று கொண்டு பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் சோதிப்பார். வெண்புகை நீடித்து வந்தால் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறுவார். டீசல் தீர்ந்து நின்ற பழைய என்ஜினில் மீண்டும் டீசல் ஊற்றியும் புறப்படவில்லையெனில், குழாயில் ஏர் பிடித்திருப்பதை அறிந்து அதை எடுத்துவிடுவார். இவையாவும் நூலைப் படிப்பதால் மட்டும் வருவனவல்ல. தறியில் இழை அறுந்ததை ஓசையிலேயே அறியும் நெசவாளரின் செவியைப் போல, நாள்தோறும் பழகி வருவன.

அதேசமயம் பழக்கம் மட்டும் போதாத காலமும் வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நாடெங்கும் விற்கப்படும் புதிய வாகனங்கள் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டன. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் கடுமையான விதி வந்தது. இப்புதிய என்ஜின்களில் டீசல் எப்பொழுது, எவ்வளவு செல்லவேண்டும் என்பதைச் சிறிய கணினியே தீர்மானிக்கிறது. எரிபொருள் குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. அத்தகைய குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து டீசல் உள்ளே புகுந்துவிடும். பல புதிய லாரிகளில் புகையைத் தூய்மைப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்றப்படுகிறது. அதற்கென்று தயாரிக்கப்பட்ட தூய கரைசலையே ஊற்றவேண்டும். பயிருக்கு இடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் விலையுயர்ந்த பாகங்கள் பாழாகும். இத்தகைய செய்திகளை முறையான பயிற்சியில்தான் பிழையின்றிக் கற்க இயலும்.

உள்ள வழிகள்

முதலாவது வழி, தொழிற்பயிற்சி நிலையம். மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன்கீழ் நடைபெறும் டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டுப் பயிற்சி. கணிதமும் அறிவியலும் பாடங்களாகக் கொண்டு பத்தாம் வகுப்புத் தேறியவர், 14 வயது நிறைந்தவர் சேரலாம். 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரப் பயிற்சி. அதில் 840 மணி நேரம் செய்முறைக்கு உரியது. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். இது நாடெங்கும் செல்லும். அரசுத் துறைகளும் பெரிய தொழிற்சாலைகளும் மெக்கானிக் வேலைக்கு ஆள் கோரும்போது கேட்பது பெரும்பாலும் இச்சான்றிதழையே.

இதே நிலையங்களில் இதனோடு உறவுடைய பிற பிரிவுகளும் உள்ளன. டிராக்டர் மெக்கானிக் ஓராண்டு. மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டாண்டு. விவசாய இயந்திர மெக்கானிக் இரண்டாண்டு. ஓராண்டுப் பிரிவுக்கும் இரண்டாண்டுப் பிரிவுக்கும் உள்ள வேற்றுமையைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் உரிய பிரிவில் இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர், பாலிடெக்னிக்கில் டிப்ளமோப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர வழியுண்டு. ஓராண்டுப் பயிற்சி மட்டும் முடித்தவருக்கு அவ்வழி பொதுவாகத் திறப்பதில்லை. பின்னாளில் மேற்படிப்பு வேண்டுமென்னும் எண்ணம் சிறிதேனும் இருப்பின், ஓராண்டு மிச்சமாகிறதே என்று மகிழாமல் இரண்டாண்டுப் பிரிவை நாடுவதே முறை.

இரண்டாவது வழி, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலைகளும் பணிமனைகளும் இளைஞரை ஏற்று, வேலை செய்யும் இடத்திலேயே கற்பிக்கின்றன. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநரை ஏற்பது கட்டாயம். பழகுநருக்கு மாத உதவித்தொகை உண்டு. அதன் குறைந்த அளவைச் சட்ட விதி வரையறுக்கிறது. முடிவில் தேர்வெழுதித் தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் பெறலாம். பள்ளியிலிருந்து நேராகவும் இதில் சேரலாம். ஆயினும் தொழிற்பயிற்சி நிலையத்தில் அடிப்படையைக் கற்றபின் சேர்பவருக்கே இது மிகுந்த பயன் தருகிறது. போக்குவரத்துப் பணிமனையில் நாளொன்றுக்குப் பல வண்டிகள் வரும். நிலையத்தில் ஓராண்டில் காணாத பழுதுகளை அங்கே ஒரே மாதத்தில் காணலாம்.

மூன்றாவது வழி, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு. இயந்திரவியல், ஆட்டோமொபைல் ஆகிய பிரிவுகள் இத்தொழிலுக்கு நெருக்கமானவை. கணக்கிலும் வரைபடத்திலும் விருப்பமுள்ள மாணவருக்கு இது ஏற்றது. ஆனால் இது மேற்பார்வையாளரையும் தொழில்நுட்ப உதவியாளரையும் உருவாக்கும் படிப்பு. ஸ்பேனர் பிடிக்கும் கையை அது தானாகத் தந்துவிடாது.

நான்காவது வழி, நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ளது. ஒரு மேஸ்திரியிடம் பட்டறையில் இருந்து கற்றுக்கொள்வது. இவ்வழியை நாம் இழிவாகக் கருதவில்லை. நம் அங்கத்தினரின் தொழிலும் தலைமுறை தலைமுறையாக இவ்வாறு கற்கப்பட்டதே. நல்ல மேஸ்திரியிடம் கிடைக்கும் நுட்பம் எந்த வகுப்பிலும் கிடைக்காமற் போகலாம். ஆனால் இதற்குக் கால வரையறை இல்லை, பாடத்திட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. சில பட்டறைகளில் பையன் மூன்று ஆண்டுகள் பாகங்களைக் கழுவிக்கொண்டும் தேநீர் வாங்கிக்கொண்டுமே இருந்துவிடுவதும் உண்டு. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதிருப்போமாக.

ஐந்தாவது, குறுகிய காலப் பயிற்சிகள். தம் சொந்த டிராக்டரைப் பேணக் கற்க விரும்பும் விவசாயிக்கு இவை மிக்க பயனுள்ளவை. மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதலும், பின்னர் ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டத்துக் கார்லதின்னெ முதலிய இடங்களிலும் இத்தகைய பயிற்சிகளை நடத்திவருகின்றன. தென்னாட்டினருக்குக் கார்லதின்னெ அருகிலுள்ளது. ஆனால் சில வாரப் பயிற்சி ஒருவரை முழு மெக்கானிக் ஆக்கிவிடும் என்று எவரும் கருதலாகாது.

இரண்டு அனுபவங்கள்

நாம் நேரில் அறிந்த இரு குடும்பங்களின் அனுபவத்தை இங்கே கூறுவது பொருந்தும்.

நெசவாளர் ஒருவர் தம் மகனை அருகிலிருந்த நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் சேர்த்தார். ஆறே மாதத்தில் டீசல் மெக்கானிக், வேலைக்கு உறுதி என்று அவர்கள் கூறினர். மனைவியின் நகையை அடகு வைத்து 45,000 ரூபாய் கட்டினார். அங்கே சுவரெங்கும் என்ஜின் படங்கள் இருந்தன. அறுத்துக் காட்சிக்கு வைத்த ஒரு என்ஜின் இருந்தது. ஓடும் என்ஜின் ஒன்றுகூட இல்லை. ஆறு மாதம் கழித்துப் பொன்னிற முத்திரையுடன் அழகிய சான்றிதழ் வந்தது. பையன் அதை எடுத்துக்கொண்டு ஒரு பணிமனைக்குப் பழகுநராகச் சேரச் சென்றபோது, அது அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் அன்று எனத் திருப்பிவிட்டனர். வால்வு இடைவெளியை அளந்து காட்டு என்றபோது அதுவும் அவனுக்கு இயலவில்லை. வீடு திரும்பிய மகனைத் தந்தை ஒரு சொல்லும் கடியவில்லை. "விசாரிக்காமல் சேர்த்தது என் பிழை" என்று மட்டும் நம்மிடம் கூறினார். அடுத்த ஆண்டு அரசினர் நிலையத்தில் சேர்ந்த அப்பையன் முறையாகத் தேறி, பழகுநர் பயிற்சியும் முடித்து, இப்பொழுது லாரிப் பணிமனை ஒன்றில் வேலையில் இருக்கிறான். நகையை மீட்க அவனுடைய முதல் ஆண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதி சென்றது.

மற்றவர் காவிரிப் படுகையைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டறையில் சேர்ந்து, 30 வயதுக்குள் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற டிராக்டர் மெக்கானிக் ஆனவர். ஓசையைக் கேட்டே எந்தத் தாங்கி தேய்ந்தது என்று சொல்லுவார். ஆனால் டிராக்டர் விற்பனை நிலையமொன்று நல்ல சம்பளத்தில் ஆள் எடுத்தபோது, சான்றிதழ் இல்லாமையால் அவரது மனு ஏற்கப்படவில்லை. கணினி பொருத்திய புது டிராக்டர் வந்தபோது அவரே தயங்கினார். தம்மைவிடப் பத்து வயது இளையவன் சோதனைக் கருவியைப் பொருத்திப் பழுதைப் படித்துக் காட்டியதைக் கண்டு, அவர் வெட்கப்படவில்லை, விசாரித்தார். பணியனுபவமுள்ளவர் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்றறிந்து, 34ஆம் வயதில் மாலை வேளைகளில் படித்துத் தேறினார். வயது, அனுபவம் பற்றிய நிபந்தனைகள் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பில் தரப்படும். நம் அங்கத்தினருள் ஏற்கெனவே பட்டறையில் கைபழகியவர் பலர் உள்ளனர். அவர்களுக்கு இவ்வழி திறந்தே இருக்கிறது.

முதல் குடும்பத்துக்கு நேர்ந்தது பயனற்ற தாள். இரண்டாமவருக்கு நேர்ந்தது தாளில்லாத திறமை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மை. ஆயினும் நல்ல சுரைக்காய்க்கும் சந்தையில் எடைச்சீட்டு வேண்டியிருக்கிறது.

யாருக்கு எது?

மேற்கூறியவற்றால் நாம் அடையும் முடிவுகள் இவை. லாரி, பஸ் பணிமனையில் வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞருக்கு ஓராண்டு டீசல் மெக்கானிக் அல்லது இரண்டாண்டு மோட்டார் வாகனப் பிரிவும், அதன்மேல் பழகுநர் பயிற்சியும் சிறந்த வழி. மேற்படிப்புக்கு வாசல் திறந்திருக்க வேண்டுமெனில் இரண்டாண்டுப் பிரிவே நலம். ஊரிலேயே இருந்து டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் பார்க்க விரும்புபவர் விவசாய இயந்திரப் பிரிவையோ டிராக்டர் பிரிவையோ நாடலாம். கணக்கில் தேர்ந்த மாணவர் டிப்ளமோவை எண்ணலாம். பட்டறையில் பல்லாண்டு பழகியவர் தனித்தேர்வராகத் தேர்வெழுதலாம். வீட்டு நிலைமையால் உடனே சம்பாதிக்க வேண்டியவர் பழகுநர் பயிற்சியில் நேராகச் சேரலாம். உதவித்தொகையும் கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இப்பிரிவுகளில் பெண்கள் சேரத் தடையேதும் இல்லை. புதிய என்ஜின்களில் பழுதறிவதற்கு உடல் வலிமையைக் காட்டிலும் கூர்ந்த கவனமும் அளவைத் துல்லியமும் மிகுதியாக வேண்டும். நுண்ணிய பாவு இழையில் ஒன்று தவறினாலும் கண்டுபிடிக்கும் கண்கள் நம் நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. விருப்பமுள்ள பெண்ணைத் தடுத்து நிறுத்தலாகாது.

செலவுக் கணக்கு

கட்டணத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. கட்டணம், போக்குவரத்தும் உணவும், பயிலும் காலத்தில் வீட்டுக்கு வராமற்போகும் வருமானம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களின் 2024ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பயிற்சிக் கட்டணம் இல்லாமையும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை, பஸ் சலுகை முதலியனவும் அறிவிக்கப்பட்டன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள், பெண்களுக்குப் புதுமைப் பெண் என்னும் பெயரில் 2022இலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் 2024இலும் தொடங்கப்பட்டன. சேரும் ஆண்டில் உள்ள விதிகளை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் கேட்டறிதல் வேண்டும். இவற்றையெல்லாம் விசாரித்த பின்னரே கடன் பற்றி எண்ணவேண்டும். நகையை அடகு வைப்பது முதற்படியாக இருத்தல் கூடாது.

சேருமுன் பார்க்க வேண்டியவை

தந்தையும் மகனும் சேர்ந்து நிலையத்துக்கு ஒருமுறை நேரில் செல்லுதல் அவசியம். அங்கே கீழ்க்கண்டவற்றை விசாரிக்கவும்.

1. நிலையத்துக்கு அங்கீகாரம் உண்டா? நிலையத்துக்கு உண்டென்பது மட்டும் போதாது. நாம் சேரவிருக்கும் பிரிவுக்கு உண்டா? பயிற்சி இயக்குநரகத்தின் இணையதளத்தில் அவ்விவரம் உள்ளதா?

2. பட்டறையில் ஓடும் நிலையில் எத்தனை என்ஜின்கள் உள்ளன? பழைய வகையும் கணினி பொருத்திய புது வகையும் உள்ளனவா?

3. ஒவ்வொரு மாணவனும் தன் கையால் என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறானா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சூழநின்று பார்க்கிறானா?

4. பழுதறியும் கருவியை மாணவர் கையாள விடுகின்றனரா?

5. சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே பழகுநராகச் சேர்ந்தனர்? அவர்களுள் இருவரிடம் நாமே பேசிப் பார்க்கலாமா?

இக்கேள்விகளை நேர்மையான நிலையம் விரும்பி வரவேற்கும். எரிச்சல் கொள்ளும் நிலையத்திலிருந்து வணக்கம் கூறி வெளியே வந்துவிடலாம். அட்வான்ஸ் தொகையை அன்றே கட்டச் சொன்னால் அதுவே எச்சரிக்கை.

மாணவனையும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். கரியும் எண்ணெயும் படிந்த கையோடு, வெயிலில் வண்டியடியில் படுத்து வேலை செய்ய அவனுக்கு மனம் உண்டா? சேர்வதற்கு முன் ஒரு விடுமுறையில் சில நாட்கள் தெரிந்த பட்டறையில் உடனிருந்து வேலையைக் காணச் செய்தல் நலம். விருப்பம் மெய்யானதா என்பது அதில் விளங்கிவிடும்.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவும் தனி அங்கத்தினரின் பொறுப்பு. சங்கங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. ஆண்டுதோறும் சேர்க்கை அறிவிப்பு வெளிவந்தவுடன் அதைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இணையவழி மனுவை நிரப்பத் தெரியாதவருக்கு எழுத்தர் உதவலாம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு விடும் சங்கங்கள், தங்கள் இயந்திரங்களைப் பேணும் பணியில் பயிற்சி முடித்த அங்கத்தினர் பிள்ளைகளுக்கு வாய்ப்பளிக்கலாம். அவ்வாறு செய்தால் வாடகைப் பணமும் பழுதுபார்ப்புக் கூலியும் நம் கிராமத்திலேயே தங்கும். அறுவடைக் காலத்தில் வெளியூர் மெக்கானிக்கின் வருகைக்காகக் கைகட்டி நிற்கும் நிலையும் நீங்கும்.

நல்ல தறியை வாங்குமுன் அதன் ஒவ்வொரு பாகத்தையும் தட்டிப் பார்க்கிறோம். விதை வாங்குமுன் முளைப்புத்திறனை வினவுகிறோம். பிள்ளையின் வாழ்நாள் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது அதைவிடக் குறைவாக விசாரிப்பது எவ்விதத்திலும் தகாது. கை பழகட்டும், சான்றிதழும் கிடைக்கட்டும். இரண்டும் உள்ள இளைஞர் ஊருக்கு இருவர் இருப்பினும், அவ்வூரின் என்ஜின்கள் வயலில் நின்று அழியமாட்டா.

படிப்பு வட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் எத்தனை டீசல் இயந்திரங்கள் உள்ளன? அவற்றைப் பழுதுபார்ப்பவர் யார்?

2. ஓராண்டுப் பிரிவுக்கும் இரண்டாண்டுப் பிரிவுக்கும் உள்ள முக்கிய வேற்றுமை யாது? அது பின்னாளில் எவ்வாறு பயன்படும்?

3. நம் அங்கத்தினர் குடும்பங்களில் பட்டறை அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர் எவரெவர்? அவர்களைத் தேர்வெழுதச் செய்ய நாம் என்ன உதவி செய்யலாம்?

4. அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் சென்றுவரச் சங்கத்தின் சார்பில் மூவரைத் தேர்ந்தெடுக்கவும். அவர்கள் மேற்கூறிய ஐந்து கேள்விகளுக்கும் விடை அறிந்து அடுத்த கூட்டத்தில் தெரிவிப்பார்களாக.